தடித்த பட்டியல் நல்ல பட்டியலா? ஸ்டேக்ஹவுஸ் ஒயின்களை எடைபோடும் வழி

மாட்டிறைச்சித் துண்டுகளை வாட்டிப் பரிமாறும் உயர்தர ஸ்டேக்ஹவுஸ் ஒன்றில் உட்கார்ந்ததும் கைக்கு இரண்டு பட்டியல்கள் வரும். உணவுப் பட்டியல் ஒரே ஒரு மடிப்பு அட்டை. ஒயின் பட்டியலோ தோலட்டை போட்ட புத்தகம், சில இடங்களில் நூறு பக்கம்கூடத் தாண்டும். புரட்டப் புரட்ட மலைப்பு வரும். "இவ்வளவு வைத்திருக்கிறார்களே, நல்ல இடமாகத்தான் இருக்கும்" என்று மனம் தானாக முடிவு கட்டிவிடும். பல ஆண்டுகளாக இந்தப் பட்டியல்களைப் படித்துப் படித்து எனக்கு ஒன்று உறுதிப்பட்டிருக்கிறது. ஸ்டேக்ஹவுஸின் ஒயின் பட்டியலை அதன் பலமான பக்கத்தை வைத்து எடைபோடக் கூடாது. அக்கறை காட்டாமலே அந்தக் கடை தப்பித்துவிடக்கூடிய பக்கங்கள் சில இருக்கின்றன. அங்கே என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

ஒயின் விற்க ஸ்டேக்ஹவுஸைப் போல வசதியான உணவகம் வேறில்லை. சமையல் பருவத்துக்குப் பருவம் மாறாது. முதலில் சிப்பியும் இறாலும், பிறகு மாட்டிறைச்சி, பக்கத்தில் உருளைக்கிழங்கும் க்ரீமில் வேகவைத்த கீரையும். வருகிறவர்களில் நிறையப் பேர் பிறந்தநாள், பதவி உயர்வு, வியாபார விருந்து என்று ஏதோ ஒரு காரணத்தோடு வருகிறார்கள். வியாபார விருந்தில் பில்லைக் கட்டப்போவது நிறுவனம், விலையைப் பார்த்துத் தயங்க அங்கே ஆள் கிடையாது. மாட்டிறைச்சிக்கு கேபர்னே சாவினியோன் என்ற துவர்ப்பான சிவப்பு ஒயின் என்பதும் ஒயின் பழக்கமில்லாதவர்கூடக் கேள்விப்பட்ட ஜோடி. அதனால் கலிஃபோர்னியாவின் நாப்பா பள்ளத்தாக்கிலிருந்து புகழ்பெற்ற பெயர்கள் முப்பது, பிரான்ஸின் போர்தோவிலிருந்து பத்து என்று அடுக்கி, வாங்கிய விலையைப் போல மூன்று மடங்கு போட்டு வைத்தால் கடை கண்ணை மூடிக்கொண்டு ஓடும். அப்படி ஓடுகிற கடைகள் ஏராளம்.

அந்த ஜோடி ஏன் பொருந்துகிறது என்று தெரிந்துகொண்டால் பட்டியலின் பாதிக் குறைகள் கண்ணில் பட்டுவிடும். சிவப்பு ஒயினில் உள்ள டானின் திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருகிறது, ஓக் பீப்பாயிலிருந்தும் கொஞ்சம் சேர்கிறது. அதிக நேரம் ஊறிப்போன கறுப்புத் தேநீரைக் குடித்தால் நாக்கும் ஈறும் இழுத்துப் பிடிக்குமே, அதே துவர்ப்புதான் இது. வாய் வழுவழுப்பாக இருப்பதற்குக் காரணம் எச்சிலில் இருக்கும் புரதங்கள். டானின் அவற்றோடு ஒட்டி அவற்றைத் திரளவைத்துவிடுகிறது. வழுவழுப்பு போய் வாய் வறண்டு சொரசொரப்பாகிறது. கொழுப்பு இதற்கு நேர் எதிராக வாயில் பிசுபிசுவென்று படியும். 2012இல் பால் பிரெஸ்லினும் உடன் ஆய்வாளர்களும் கரண்ட் பயாலஜி இதழில் இதைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். துவர்ப்பான பானத்தைத் தொடர்ந்து குடித்தால் மிடறுக்கு மிடறு துவர்ப்பு ஏறிக்கொண்டே போகிறது. நடுநடுவே கொழுப்புள்ள இறைச்சியைச் சாப்பிட்டால் துவர்ப்பும் பிசுபிசுப்பும் ஒன்றையொன்று அடக்குகின்றன. இதோடு உப்பும் சேர்ந்துகொள்கிறது, உப்பு கசப்பைக் குறைக்கும். உப்புப் போட்டுத் தணலில் வாட்டிய கொழுத்த இறைச்சியும் துவர்ப்பான சிவப்பு ஒயினும் மாறி மாறி வாய்க்குள் போகும்போது ஒன்று மற்றொன்றுக்கு வழிவிடுவதன் சூட்சுமம் இதுதான்.

இங்கேதான் முதல் சிக்கல் வருகிறது. கொழுப்பு இருந்தால்தான் இந்தக் கணக்கு ஒத்துவரும், எல்லா ஸ்டேக்கிலும் கொழுப்பு ஒரே அளவில் இருப்பதில்லை. ரிப் ஐ என்ற விலாப்பகுதித் துண்டில் கொழுப்பு இழை இழையாக ஓடும். எவ்வளவு துவர்ப்பையும் அது தாங்கும். ஃபிலே மின்யோன் மாட்டின் உடம்பில் அதிகம் வேலை செய்யாத தசை. பஞ்சு போல மென்மையாக இருக்கும், கொழுப்பு குறைவு, சுவையும் மெல்லியது. அதன் பக்கத்தில் இளம் நாப்பா கேபர்னேவை வைத்தால் இறைச்சி காணாமல் போய்விடும், வாயில் ஓக்கும் துவர்ப்பும்தான் மிஞ்சும். அதற்கு வேண்டியது பினோ நுவார் என்ற மெல்லிய சிவப்பு ஒயின், அல்லது நன்றாக வயதாகித் துவர்ப்பு தணிந்த ஸ்பெயினின் ரியோகா. ஜப்பானின் வாக்யூ போன்ற அதிகக் கொழுப்புள்ள இறைச்சிக்குத் துவர்ப்போடு புளிப்பும் வேண்டும், வட இத்தாலியின் பியமோந்தேயில் விளையும் நெபியோலோ அங்கே நன்றாகப் பொருந்துகிறது. இறைச்சி எந்தப் பதத்தில் வெந்தது என்பதும் கணக்கில் வரும். முழுக்க வெந்து சாறு வற்றிய துண்டோடு துவர்ப்பான ஒயினைக் குடித்தால் வறட்சியோடு வறட்சி சேரும். மிளகு சாஸ் ஊற்றிய ஸ்டேக்குக்கு 15 சதவீத ஆல்கஹால் உள்ள ஒயினைக் கொடுத்தால் வாய் எரியும்.

ஆகவே பட்டியலைக் கையில் எடுத்ததும் நான் கேபர்னே பக்கத்துக்குப் போவதில்லை. உணவு அட்டையில் என்னென்ன இறைச்சி வெட்டுகள் இருக்கின்றன என்று பார்த்துவிட்டு, மெல்லிய சிவப்பு ஒயின்கள் இருக்கும் பக்கத்தைத் தேடுவேன். ஃபிலேயை நான்கு விதத்தில் விற்கிற கடையில் பினோ நுவார் ஒப்புக்கு இரண்டே இரண்டு இருந்தால், பட்டியலை எழுதியவர் சமையலறைப் பக்கம் போகவில்லை என்று அர்த்தம். போஜோலேயின் க்ரூ ஒயின்கள், ல்வார் பள்ளத்தாக்கின் கேபர்னே ஃப்ரான், எட்னா மலைச்சரிவின் சிவப்புகள் போன்றவை ஐந்தாறு இருந்தாலே எனக்கு நம்பிக்கை பிறந்துவிடும். அவற்றைக் கேட்டு யாரும் அந்தக் கடைக்கு வருவதில்லை. தட்டில் இருப்பதை யோசித்து ஒருவர் வாங்கி வைத்திருக்கிறார்.

சரி, கேபர்னேவுக்கு வருவோம். கேபர்னே ஃப்ரானும் சாவினியோன் ப்ளாங்கும் தற்செயலாகக் கலந்து பிறந்த திராட்சை அது. கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் கேரல் மெரெடித்தும் ஜான் பவர்ஸும் மரபணு ஆய்வின் மூலம் 1997இல் இதை வெளியிட்டார்கள். பல நூற்றாண்டுகள் போர்தோவின் சொத்தாக இருந்த அந்தத் திராட்சை அமெரிக்க ஸ்டேக்ஹவுஸின் அடையாளமாக மாறியதில் 1976 மே 24க்குப் பெரிய பங்கு உண்டு. அன்று பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வியாபாரி பிரெஞ்சு நடுவர்களைக் கூட்டி, பெயரை மறைத்துச் சுவைபார்க்கும் போட்டி நடத்தினார். சிவப்பில் முதலிடம் பெற்றது நாப்பாவின் ஸ்டாக்ஸ் லீப் ஒயின் செல்லர்ஸின் 1973 கேபர்னே. இரண்டாவதாக வந்தது 1970 ஷாத்தோ மூத்தோன் ரோத்ஷீல்ட். அதற்குப் பிறகு நாப்பாவின் மதிப்பும் விலையும் ஏறிக்கொண்டே போயின. 1979இல் ராபர்ட் மொண்டாவியும் பாரன் ஃபிலிப் த ரோத்ஷீல்டும் சேர்ந்து ஓபஸ் ஒன் என்ற ஒயினுக்கு முதல் அறுவடை எடுத்தபோது, போர்தோவே நாப்பாவோடு கைகோத்துக்கொண்டதாக ஆயிற்று.

நாப்பா பக்கம் எல்லா ஸ்டேக்ஹவுஸிலும் தடித்துத்தான் இருக்கும். அங்கே எண்ணிக்கையைப் பார்க்காமல் திராட்சை அறுவடையான ஆண்டுகளைப் பார்க்க வேண்டும். சமீபத்தில் சந்தைக்கு வந்த இரண்டு மூன்று ஆண்டுகள் மட்டுமே வரிசையாக நின்றால், விநியோகஸ்தர் கொண்டுவந்து இறக்கியதை அப்படியே விற்கிறார்கள் என்று பொருள். நல்ல நாப்பா கேபர்னே பத்துப் பதினைந்து ஆண்டு காத்திருந்தால் வேறு ஒயினாகிவிடும். பழத்தின் முரட்டுத்தனம் அடங்கும், புகையிலை, தேவதாரு, உலர்ந்த இலை என்று புது மணங்கள் வரும். அந்தக் காத்திருப்பு நம் வீட்டில் நடக்காது, அதற்குத்தான் உணவகத்துக்குக் காசு கொடுக்கிறோம். 2011 நாப்பாவில் குளிரும் மழையுமாகப் போன ஆண்டு, விமர்சகர்கள் அப்போது அதைத் தூக்கிப் பேசவில்லை. என் நாக்குக்கு அந்த ஆண்டின் நல்ல ஒயின்கள் வயதான பிறகு இறைச்சியோடு இதமாக இருக்கின்றன, விலையும் கொஞ்சம் இறங்கியிருக்கும். அதைத் தேடிப்பிடித்து வைத்திருக்கும் கடையை நான் மதிப்பேன். 2020 வேறு கதை. அந்த ஆகஸ்டிலும் செப்டம்பர் கடைசியிலும் நாப்பாவைக் காட்டுத்தீ சூழ்ந்தது. புகை திராட்சையில் இறங்கினால் ஒயினில் சாம்பல் வாடை வரும் என்பதால் பல உற்பத்தியாளர்கள் அந்த ஆண்டு சிவப்பு ஒயினே வெளியிடவில்லை. தீக்கு முன்பே அறுவடை முடித்தவர்களின் ஒயின்கள் நன்றாகவே இருக்கக்கூடும். ஆனால் பட்டியலில் 2020 நாப்பா சிவப்புகள் குவிந்து கிடந்தால், இதை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்கிற உரிமை நமக்கு உண்டு. பதில் உடனே வர வேண்டும்.

ஆண்டே போடாத வரிகளும் உண்டு. "கேபர்னே சாவினியோன், ரிசர்வ், நாப்பா", பக்கத்தில் ஒரு பெரிய விலை, அவ்வளவுதான். தயாரித்தவர் பெயர் தெரியாது, எந்த ஆண்டென்றும் தெரியாது. அந்த "ரிசர்வ்" என்ற சொல்லுக்கு அமெரிக்காவில் சட்டப்படி எந்த அர்த்தமும் இல்லை, யார் வேண்டுமானாலும் எதன் மேலும் ஒட்டலாம். ரியோகாவில் அப்படியில்லை. அங்கே ரிசர்வா என்றால் குறைந்தது 3 ஆண்டு வயது, அதில் 1 ஆண்டாவது பீப்பாயில் இருந்திருக்க வேண்டும். கிரான் ரிசர்வா என்றால் 5 ஆண்டு, அதில் 2 ஆண்டு பீப்பாயில். ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு சொற்களில் ஒன்றின் பின்னால் சட்டம் நிற்கிறது, மற்றொன்றின் பின்னால் எதுவும் இல்லை.

ஆண்டு விஷயத்தில் எனக்கே ஒருமுறை நேர்ந்தது உண்டு. பெயர் பெற்ற ஒரு ஸ்டேக்ஹவுஸில் 2016 போர்தோ ஒன்றைப் பட்டியலில் பார்த்துச் சொன்னேன். 2016 அங்கே அருமையான ஆண்டு. பாட்டில் வந்தது. பரிமாறுபவர் லேபிளை என் பக்கம் அரை நொடி காட்டிவிட்டு மூடியின் தாளைக் கத்தியால் கீற ஆரம்பித்தார். லேபிளில் 2013 என்று இருந்தது. குளிரிலும் மழையிலும் திராட்சை சரியாகப் பழுக்காமல் போன ஆண்டு அது, விலை மட்டும் 2016இன் விலை. நிறுத்தச் சொல்லிக் காட்டினேன். "அதே ஒயின்தான், ஆண்டு மட்டும் மாறியிருக்கிறது" என்றார். அவர் வேண்டுமென்றே ஏமாற்றவில்லை. ஆண்டு மாறினால் ஒயின் மாறும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, சரக்கு மாறியபோது பட்டியலைத் திருத்த வேண்டும் என்று மேலே இருந்தவர்களுக்கும் தோன்றவில்லை. அன்றிலிருந்து பாட்டில் வந்ததும் ஆண்டைப் படித்த பிறகே தலையாட்டுகிறேன்.

போர்தோ பக்கத்தைப் படிப்பது இன்னும் சுலபம். 1855இல் பாரிஸ் கண்காட்சிக்காக அன்றைய விலைகளை வைத்துத் தரகர்கள் எழுதிய தரவரிசைதான் இன்றும் அங்கே ஆட்சி செய்கிறது. 1973இல் மூத்தோன் ரோத்ஷீல்ட் இரண்டாம் நிலையிலிருந்து முதல் நிலைக்கு ஏறியதுதான் அதில் நடந்த பெரிய மாற்றம். முதல் நிலை ஒயின்கள் ஐந்தையும் வைத்துவிட்டு அதற்குக் கீழே வெற்றிடம் விட்ட பட்டியல் கண்ணாடி அலமாரியில் நகையை வைத்துக் காட்டுவது போன்றது. மேசையில் உட்கார்ந்திருப்பவர் வாங்கிக் குடிக்கக்கூடியது மூலி, ஃப்ரோன்சாக் ஊர்களின் ஒயின்கள், அந்தத் தரவரிசைக்கு வெளியே நிற்கும் சாந்த் எஸ்தெஃப்பின் க்ரூ பூர்ஷ்வா ஒயின்கள் போன்றவை. அவை இருக்கின்றனவா, அவற்றிலும் எட்டுப் பத்து ஆண்டு வயதானவை இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும்.

நாப்பாவும் போர்தோவும் தவிர மாட்டிறைச்சிக்கென்றே பிறந்ததுபோல எத்தனையோ ஒயின்கள் இருக்கின்றன. பிரான்ஸில் வடக்கு ரோனின் கோர்னாஸ், சேன் ஷோசெஃப் இரண்டும் சிரா என்ற திராட்சையில் செய்தவை, கருமிளகும் புகையும் மணக்கும், தணலில் கருகிய இறைச்சிக்கு அதைவிடப் பொருத்தமானதை நான் குடித்ததில்லை. தெற்கு இத்தாலியின் தௌராசி, கிரீஸின் நௌசா, பிரான்ஸின் தென்மேற்கில் மதிரான், புரோவென்ஸில் பாந்தோல் எல்லாமே துவர்ப்பு மிக்கவை, இறைச்சிக்கு அஞ்சாதவை. பெயர் அதிகம் பரவாததால் தரத்தோடு ஒப்பிட்டால் விலை குறைவு. மால்பெக் எல்லாப் பட்டியலிலும் இருக்கும். பிரான்ஸின் கஹோரிலிருந்து அர்ஜென்டினா போய் மெண்டோசா மலையடிவாரத்தில் புகழ்பெற்ற திராட்சை அது. கஹோர் ஒயினையும் மெண்டோசா ஒயினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கும் பட்டியலை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன், அந்தப் பட்டியலை எழுதியவரை நேரில் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

இனி விலை. உணவகம் ஒயினை வாங்கும் மொத்த விலையைப் போல இரண்டரை, மூன்று மடங்கு வைத்து விற்பது வழக்கம். வாடகை, கிளாஸ்கள், உடைசல், சேமிப்பு, ஆள் சம்பளம் எல்லாம் அதில் அடங்கும். மேல் அடுக்கிலும் அதே மடங்கை வைக்கிறார்களா என்பதுதான் கவனிக்க வேண்டியது. பத்துக்கு வாங்கியதை முப்பதுக்கு விற்றால் கையில் நிற்பது இருபது. நூற்றுக்கு வாங்கியதை முந்நூறுக்கு விற்றால் இருநூறு. இரண்டு பாட்டிலுக்கும் திறக்கிற வேலை ஒன்றுதான், கழுவுகிற கிளாஸும் ஒன்றுதான். நியாயமான கடை விலை ஏற ஏற மடங்கைக் குறைத்துக்கொண்டே வரும், இருநூறு கொடுத்து வாங்கியதை நானூறுக்குக் கொடுக்கும். அப்படிப்பட்ட இடத்தில் கொஞ்சம் கூடுதலாகச் செலவழித்தால் தரம் வேகமாக ஏறும். எல்லாவற்றுக்கும் மூன்றே மடங்கு என்கிற இடத்தில் மேலே போகப் போக நமக்கு நஷ்டம்தான்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கணக்கு வேண்டாம். சில்லறைக் கடையில் என்ன விலை என்று உங்களுக்குத் தெரிந்த ஒயின்களாக இரண்டைப் பட்டியலில் தேடுங்கள். ஒன்று எல்லோருக்கும் தெரிந்த பெயர், இன்னொன்று அதிகம் பேருக்குத் தெரியாதது. சில்லறை விலையைப் போல இரண்டு மடங்குக்குள் இருந்தால் நல்லது, மூன்றைத் தாண்டினால் அதிகம். தெரிந்த பெயருக்கு எப்போதும் மடங்கு கூடவே இருக்கும், அது தானே விற்றுக்கொள்ளும் சரக்கு. இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தால் பட்டியலில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரிந்துவிடும்.

"கடைசியிலிருந்து இரண்டாவது விலையில் இருப்பதை வாங்காதே, அதில்தான் கடைக்காரர் லாபத்தை ஒளித்துவைத்திருப்பார்" என்று ஒரு பேச்சு நெடுநாளாக உண்டு. மிகக் குறைந்த விலையைச் சொல்லக் கூச்சப்பட்டு அதற்கு அடுத்ததைச் சொல்பவர்களைக் குறிவைத்து அப்படிச் செய்கிறார்கள் என்பது அதன் தர்க்கம். டேவிட் த மேசா, விக்ரம் பத்தானியா என்ற இரண்டு பொருளியலாளர்கள் லண்டன் உணவகங்களின் பட்டியல்களை எடுத்து இதைச் சோதித்தார்கள். இரண்டாவது இடத்தில் மடங்கு அப்படியொன்றும் கூடுதலாக இல்லை. பட்டியலின் நடுப்பகுதியில்தான் அது உச்சத்தில் இருந்தது. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. மிகவும் குறைந்ததும் வேண்டாம், மிகவும் கூடினதும் வேண்டாம் என்று எண்ணி எல்லோரும் வந்து நிற்பது அந்த நடுவில்தான். ஆகவே நடுப்பக்கத்தை நேர்மையாக வைத்திருக்கும் கடை உண்மையிலேயே தன் வாடிக்கையாளரை நினைத்துப் பார்க்கிற கடை.

பழைய ஒயினை நியாயமான விலைக்குக் கொடுக்க முடியும் என்று நிரூபித்த இடமும் ஒரு ஸ்டேக்ஹவுஸ்தான். ஃப்ளோரிடாவின் டாம்பா நகரில் பெர்ன் லாக்ஸரும் அவர் மனைவி கெர்ட்டும் 1956இல் தொடங்கிய பெர்ன்ஸ் ஸ்டேக்ஹவுஸ் உலகின் மிகப் பெரிய உணவக ஒயின் சேமிப்புகளில் ஒன்று, ஐந்து லட்சம் பாட்டில்களுக்கு மேல் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. அளவைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவர் வாங்கிய முறை. ஒயின் இளமையாக, விலை குறைவாக இருக்கும்போதே வாங்கி வைத்துவிட்டுப் பல ஆண்டு பொறுத்திருந்தார். ஏலத்தில் வாங்கி அதன் மேல் மூன்று மடங்கு ஏற்றிய பழைய ஒயினும், தன் நிலவறையிலேயே வயதான ஒயினும் லேபிளில் ஒன்றுபோலத்தான் இருக்கும். விலையில் தெரியும் வித்தியாசம், குடிக்கும்போதும் தெரியும். கைமாறிக் கைமாறி வந்த பாட்டில் வழியில் எங்கெங்கே வெயில் பட்டதோ யாருக்குத் தெரியும்?

கிளாஸ் கணக்கில் விற்கும் ஒயின்கள் இருக்கும் பக்கம்தான் என் கண்ணில் மிகக் கடுமையான பரீட்சை. 750 மில்லி பாட்டிலில் ஐந்து கிளாஸ் வரும். முதல் கிளாஸ் விற்றதுமே பாட்டிலின் கொள்முதல் விலை வந்துவிட வேண்டும் என்பது தொழிலில் வழக்கமான கணக்கு. மீதி நான்கும் லாபம். திறந்த பாட்டில் கெட்டுப்போகும் ஆபத்து இருப்பதால் அந்தக் கணக்கில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆனால் லாபம் இவ்வளவு இருக்கும் இடத்தில் மிக மலிவான, எங்கும் கிடைக்கிற ஒயினைத் தலையில் கட்டுகிற கடைகள்தான் அதிகம். மேசையில் ஒருவருக்கு மீன், ஒருவருக்கு ரிப் ஐ, ஒருவருக்கு ஃபிலே என்றால் ஒரே பாட்டில் எல்லோருக்கும் பொருந்தாது, அப்போது கைகொடுப்பது இந்தப் பக்கம்தான். எட்டு ஒயின்கள் இருந்தாலும் போதும், எட்டும் எட்டு விதமாக இருக்க வேண்டும். மூன்று கேபர்னே, இரண்டு மெர்லோ, ஒரு "சிவப்புக் கலவை" என்றிருந்தால் அது ஒரே ஒயினை ஆறு முறை எழுதியதற்குச் சமம்.

கோராவின் என்ற கருவியைச் சில கடைகளில் பார்க்கலாம். மருத்துவக் கருவிகள் செய்துவந்த கிரெக் லாம்பிரெக்ட் கண்டுபிடித்து 2013இல் விற்பனைக்கு வந்தது. கார்க்கைப் பிடுங்காமல் மெல்லிய ஊசியைக் குத்தி ஒயினை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஆர்கான் வாயுவை நிரப்பிவிடும். பாட்டிலுக்குள் காற்று போகாததால் மீதி ஒயின் நாள்கணக்கில் கெடாது. பத்தாண்டு பழமையான பரோலோ என்ற இத்தாலியச் சிவப்பு ஒயினை ஒரே ஒரு கிளாஸ் குடிக்க முடிகிறதென்றால் இந்த ஊசியால்தான். விலை அதிகமாக இருந்தாலும் அப்படி இரண்டு மூன்று வரிகள் பட்டியலில் இருப்பதை நான் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்வேன்.

கருவி இல்லாத இடத்தில் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: பாட்டில் எப்போது திறந்தது? நேற்று முன்தினம் திறந்து பாருக்குப் பின்னால், விளக்குச் சூட்டில் நின்ற சிவப்பு ஒயின் ஒன்று எனக்கு ஒருமுறை வந்தது. கிளாஸைத் தொட்டதுமே உள்ளங்கைக்கு வெதுவெதுப்பு தெரிந்தது. முகர்ந்தால் பழ வாசனைக்குப் பதில் ஆல்கஹால் நெடி, வாயில் வைத்தால் வெட்டி நெடுநேரமான ஆப்பிளின் சுவை. கெட்டியான சிவப்பு ஒயினுக்கு 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் போதும். நிரம்பிய உணவக அறையின் வெப்பம் எப்படியும் அதைவிட ஐந்தாறு டிகிரி கூடத்தான் இருக்கும், அதிலும் கிரில் சூடு பக்கத்தில். அறை வெப்பத்தில் குடிக்கலாம் என்ற பழைய சொல் கணப்பு மட்டுமே இருந்த குளிர்ந்த கல்வீடுகளின் காலத்தது. ஐந்நூறு வகை ஒயின் வைத்திருந்தும் கிளாஸில் வருவது வெதுவெதுப்பாக இருந்தால் அந்த ஐந்நூறும் அப்படித்தான் கிடக்கின்றன என்ற சந்தேகம் வந்துவிடும். பாட்டில் அப்படி வந்தால் பனிக்கட்டி போட்ட வாளியைக் கேட்டுப் பத்து நிமிடம் வைப்பதில் எந்த வெட்கமும் இல்லை.

வெள்ளை ஒயின்களைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. சிப்பியும் இறாலும் நண்டும் முதலில் விற்கும் கடையில் ஷாப்லி, முஸ்காதே, அல்பரினோ போன்ற புளிப்பான, ஓக் வாடையில்லாத ஒயின்கள் வேண்டும், நல்ல ஷாம்பெயின் ஒன்றாவது கிளாஸில் கிடைக்க வேண்டும். வெள்ளைப் பக்கம் முழுக்க வெண்ணெய் மணக்கும் ஷார்டொனே மட்டும் இருந்தால் சாப்பாட்டின் முதல் ஒரு மணி நேரத்தை மறந்துவிட்டார்கள்.

சுவரில் தொங்கும் விருதுகளுக்கும் ஓர் அளவோடுதான் மதிப்புக் கொடுக்க வேண்டும். ஒயின் ஸ்பெக்டேட்டர் இதழ் 1981 முதல் உணவகப் பட்டியல்களுக்கு மூன்று நிலைகளில் விருது கொடுத்துவருகிறது. உணவகமே கட்டணம் கட்டி விண்ணப்பிக்க வேண்டும். 2008இல் ராபின் கோல்ட்ஸ்டீன் என்ற எழுத்தாளர் மிலானில் இல்லாத ஓர் உணவகத்தை இருப்பதாகக் காட்டி, அந்த இதழே குறைந்த மதிப்பெண் கொடுத்திருந்த ஒயின்களைச் சிறப்புப் பட்டியலில் சேர்த்து அனுப்பினார். முதல்நிலை விருது கிடைத்தது. மேல்நிலை விருதுகளுக்குப் பரிசோதனை கடுமையானது, அவற்றைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். முதல்நிலை விருது மட்டும் இருந்தால், ஓரளவு ஒழுங்கான ஒரு பட்டியலை அனுப்பியிருக்கிறார்கள் என்பதுதான் அதிலிருந்து தெரிவது. அதில் உள்ள பாட்டிலை எந்த வெப்பத்தில் கொடுக்கிறார்கள் என்பது தாளில் தெரியாது.

அரை பாட்டில்கள் இருக்கின்றனவா என்றும் பார்ப்பேன். 375 மில்லி பாட்டில்களை வாங்கிச் சேர்ப்பது சிரமம், வகைகள் குறைவு, லாபமும் குறைவு. இரண்டு பேர் மட்டும் சாப்பிட வரும் மேசைக்கு அதைப் போல உதவியானது வேறில்லை. அவற்றுக்கென்று தனியாக ஒரு பக்கம் ஒதுக்கிய கடை இதுவரை என்னை ஏமாற்றியதில்லை.

கடைசியில் பட்டியலைத் தாண்டி ஆளிடம் வந்துதான் ஆக வேண்டும். ஒயின் தேர்ந்தெடுக்க உதவும் சோமெலியே மேசைக்கு வந்ததும் முதலில் என்ன கேட்கிறார் என்று கவனிப்பேன். "எவ்வளவு செலவழிக்க நினைக்கிறீர்கள்?" என்று கேட்பதில் தவறில்லை, ஆனால் அதுவே முதல் கேள்வியாக இருந்தால் எனக்கு உறுத்தும். ஒருமுறை நண்பரும் நானும் உட்கார்ந்திருந்தோம். ஒயின் பார்த்துக்கொள்ளும் பெண் வந்தார், முப்பது வயதுக்குள் இருக்கும். எங்கள் கையில் இருந்த புத்தகத்தை அவர் திறக்கவே இல்லை. "இறைச்சி சொல்லிவிட்டீர்களா? எந்த வெட்டு, எந்தப் பதம்?" என்றார். நண்பருக்கு ஃபிலே, எனக்கு ரிப் ஐ, இரண்டும் மீடியம் ரேர் என்றோம். "அப்படியானால் ஒரே பாட்டில் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, புத்தகத்தை வாங்கி நேராகப் பின்பக்கத்துக்குப் போனார். நண்பருக்கு ரியோகா ரிசர்வா, எனக்கு சேன் ஷோசெஃப். விலையைக் காட்ட விரலை அந்த வரியின் கீழே ஓட்டினார், நாங்கள் தலையாட்டினோம். சேன் ஷோசெஃபை இறைச்சி வருவதற்கு இருபது நிமிடம் முன்னமே திறந்து, காற்றுப் படட்டும் என்று டிகான்டர் என்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றிவைத்தார். ரியோகாவை அப்படியே விட்டார், "இது காற்றுப் பட வேண்டிய வயதைத் தாண்டிவிட்டது" என்றார். இரண்டும் அரை பாட்டில்கள்.